அலறல்காரி

மின்விசிறியை நிறுத்திவிடட்டுமா, தம்பி? பதிவில் சத்தம் வரும் என்றால் நிறுத்திவிடுகிறேன். வியர்க்கும், பரவாயில்லை. போட்ட பவுடர்தான் வீணாகும். இத்தனை வருஷமாக என் குரலைத்தான் பதிவு செய்திருக்கிறார்கள். மூஞ்சியை ஒருவரும் கேட்டதில்லை. போனை ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்த முதல் ஆள் நீங்கள்தான்.

வரும்போது கீழே ஒருத்தியைப் பார்த்தீர்களா? நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு, குட்டையாக? அம்சவேணி. அவளேதான். என்ன சொன்னாள்? கூச்சப்படாமல் சொல்லுங்கள். "அந்த அலறல்காரி வீடா?" என்றாளா? அப்படித்தான் எனக்குப் பெயர் வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு மேகலாவுக்குக் குரல் போனது என்னால்தான் என்றும் சொல்லியிருப்பாள். இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அதுதான் பேச்சு. கழுத்தை நெரித்தவன் லோகநாதன், அவள் புருஷன். அவன் உள்ளே இருக்கிறான். வெளியே இருந்து பேச்சு வாங்குவது நான். நீங்கள் இதைப் போட்டாலும் சரி, வெட்டினாலும் சரி, நான் சொல்லத்தான் போகிறேன். எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும்.

சரி, தொழிலைக் கேட்கத்தானே வந்தீர்கள். அதை முதலில் சொல்கிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். சொந்த ஊர் விருத்தாசலம் பக்கம். என் வீட்டுக்காரர் சினிமாவில் லைட்மேன். அவர் மூலமாகத்தான் டப்பிங்கில் கும்பல் குரலுக்கு வந்தேன். கல்யாண வீட்டில் பின்னால் பத்துப் பேர் பேசுவது, சந்தையில் விலை கேட்பது, எழவு வீட்டில் ஒப்பாரி, எல்லாம் நாங்கள்தான். கதாநாயகிக்குப் பேச எனக்கும் ஆசைதான். ஆனால் வசனத் தாளைக் கண் பார்த்ததும் வாய் பேச வேண்டும். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் திரையில் அவள் வாயை மூடிக்கொண்டு போய்விடுவாள். ஒரு நாள் கதாநாயகிக்குப் பேசுகிற அம்மா, "அலறலுக்கெல்லாம் என் தொண்டையை நான் கெடுத்துக்க மாட்டேன், வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். சவுண்ட் இன்ஜினியர் எங்கள் கும்பலைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். அலறலுக்குப் படிப்பு வேண்டாம் இல்லையா?

அதிலிருந்து இப்படித்தான். பேசுவது அவர்கள், அடி வாங்குவது நான்.

எத்தனை விதமாக அடி வாங்கியிருக்கிறேன் தெரியுமா? எரித்திருக்கிறார்கள், மாடியிலிருந்து தள்ளியிருக்கிறார்கள், கிணற்றில் அமுக்கியிருக்கிறார்கள். ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள். அறை விழுகிற 'பட்'டை நாங்கள் கொடுப்பதில்லை, அது எஃபெக்ட்ஸ்காரர்கள் வேலை. அறைக்கு அப்புறம் வருகிறதே ஒரு மூச்சு, அதுதான் எங்களுடையது. புதிதாக வருகிற பெண்கள் கத்திக்குத்துக்கு 'ஆ' என்று வெளியே விடுவார்கள். தப்பு. கத்தி உள்ளே போகும்போது காற்றும் உள்ளே போகும். வயிற்றில் உதைத்தால் முதலில் சத்தமே வராது, வாய் மட்டும் திறக்கும், அப்புறம்தான் வரும். முடியைப் பிடித்து இழுத்தால் சத்தம் மேலே ஏறும். கழுத்தை நெரித்தால் கீழே இறங்கும். நான் கட்டைவிரலை இங்கே, தாடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொள்வேன். தழும்பு தெரிகிறதா? வெளிச்சத்துக்குத் திரும்பட்டுமா?

காபி குடியுங்கள், ஆறுகிறது. ஆடை பிடிக்காதென்றால் எடுத்துவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டுக்கு வந்தேன். வந்த புதிதில் ஒரு சாயங்காலம் அடுக்களையில் நின்று ப்ராக்டிஸ் செய்துகொண்டிருந்தேன். அடுக்களையில்தான் எனக்கு நன்றாக வரும், டைல்ஸ் ஒட்டிய சுவர், சத்தம் திரும்பி வந்து விழும். எரிகிற காட்சி. இரண்டு தடவைதான் கத்தியிருப்பேன், கதவு படபடவென்று இடிபடுகிறது. திறந்தால் வாட்ச்மேன் கையில் இரும்புக் கம்பி. அவன் பின்னால் சபாபதி சார், குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர், தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், வாக்கிங் ஸ்டிக்கைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறார். அவருக்குப் பின்னால் இந்த அம்சவேணி, வாளி நிறையத் தண்ணீரோடு.

"யாரும்மா? எங்க இருக்கான்?" என்கிறார் சபாபதி சார்.

"யாரும் இல்ல சார். நான்தான். என் தொழிலே இதுதான்."

"கத்துறதா?"

"ஆமா சார்."

அம்சவேணி வாளியை இறக்கி வைத்துவிட்டு, "அட கடவுளே, குளிச்சிட்டிருந்தவ பாதியில ஓடியாந்தேன்! இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா? நான் என் மருமகளப் பாத்து தினம் கத்துறேன், எனக்கு யாரு தர்றா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சுருக்கென்றது. கலைஞன் என்று ஒரு மரியாதை வேண்டாமா?

மறுவாரமும் வந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் வாட்ச்மேன் மட்டும் வந்தான். நன்றாகச் சுருதி கூடிவரும்போது ஒருவன் வந்து கதவைத் தட்டினால் எப்படி இருக்கும்? சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "என் வீட்டுப் பக்கம் என்ன சத்தம் கேட்டாலும் யாரும் வர வேண்டாம். கொலையே நடக்குற மாதிரி கேட்டாலும் வர வேண்டாம். அது ப்ராக்டிஸ்." சபாபதி சார் அதை வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். அதோடு எல்லாரும் அடங்கினார்கள். நல்ல மனுஷர்கள்தான், சொன்னால் கேட்பார்கள்.

அதற்கப்புறம் ஒரு ஆடி முடிந்து பக்கத்து வீட்டுக்கு மேகலாவும் லோகநாதனும் குடிவந்தார்கள். தேனிப் பக்கம். அவன் பைக் ஷோரூமில் சூப்பர்வைசர். ஒல்லியாக, இஸ்திரி கலையாத சட்டை, பார்த்தால் கும்பிடு. அவள் மாநிறம், சின்னப் பெண், பேச்சு அதிகம் கிடையாது. என்னிடம் கறிவேப்பிலை கேட்டு வருவாள், கேட்டதை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாள்.

லோகநாதன் அப்படி இல்லை. வந்த வாரமே கேட்டான். "அக்கா, நீங்க டப்பிங் ஆர்ட்டிஸ்டாமே? வாட்ச்மேன் சொன்னாரு. ராத்திரி படம் பாக்குறப்ப அலறல் வந்தா இனிமே உங்களத்தான் நெனைப்பேன்." தம்பி, இந்தக் கட்டடத்தில் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். ஊருக்குப் போனால் எனக்கு மலைத்தேன் வாங்கி வருவான். "தொண்டை முக்கியம்க்கா." அதிமதுரம் வாங்கி வந்து கொடுத்தான். ஆபீஸிலிருந்து வந்ததும் மாடிப்படியில் நின்று, "இன்னைக்கு ப்ராக்டிஸ் உண்டாக்கா? எப்ப?" என்பான். நான், "விளக்கு வெச்சதும் ஆரம்பிப்பேன்ப்பா, உனக்குத் தொந்தரவா?" என்றால், "ஐயோ, நல்லா சத்தமா பண்ணுங்க. எங்களுக்குப் பழகிப்போச்சு" என்பான். ரசிகன். அவன் செய்தது தப்புத்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரசனை இருந்தது அவனிடம்.

நீங்கள் கேட்டீர்களே, அந்தப் படம், அந்த ஒரு வசனம், அது எப்படி வந்தது என்று? அது இந்தச் சமயத்தில்தான்.

டைரக்டர் புதுப் பையன். முதல் படம். அண்ணிக்காரியை அண்ணன் அடுக்களையில் வைத்து அடித்துக் கழுத்தை நெரிக்கிற காட்சி. நான் போய் நின்று வழக்கம்போல் போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அவன் சொன்னான், "அக்கா, இது சீரியல் கத்தல். எனக்கு இது வேணாம்."

"வேற எப்படி வேணும், சொல்லுங்க."

"நெஜமா வேணும். உங்கள யாராவது அடிச்சிருக்காங்களா?"

 என் வீட்டுக்காரர் என்மேல் கை வைத்ததே கிடையாது. தங்கமான மனுஷர். என் அப்பாவும் அடித்ததில்லை. அப்படியே ஒருவரும் அடிக்காமல் இத்தனை வயதாகிவிட்டது. அன்று பஸ்ஸில் வரும்போது அதுதான் குறையாக இருந்தது. டைரக்டர் சொன்னான், இது சரியாக வந்தால் டைட்டிலில் என் பெயரைத் தனியாகப் போடுவதாக. தனியாக! மங்கையர்க்கரசி என்று முழுசாக. இல்லையென்றால் மும்பையிலிருந்து ஒருத்தியை வரவழைப்பானாம். அவகாசம் கொடுத்தான். நான் தினம் விளக்கு வைத்ததும் அடுக்களையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கே தெரிந்தது, பொய்.

அப்போதுதான் கவனித்தேன். நான் கத்தி முடித்து மூச்சு வாங்க நிற்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ கேட்கிறது. அவர்கள் அடுக்களையும் என் அடுக்களையும் ஒரே சுவர். நான் ஆரம்பித்தால் அங்கேயும் ஆரம்பிக்கும். நான் நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் அங்கேயும் நின்றுவிடும். ஜதி சேர்ந்த மாதிரி. ஒரு டம்ளரை எடுத்துச் சுவரில் கவிழ்த்துக் காதை வைத்தேன்.

தம்பி, இத்தனை வருஷம் நான் செய்தது எல்லாம் தப்பு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடி வாங்குகிறவள் கத்துவதே இல்லை. சத்தத்தை முழுங்குகிறாள். பெல்ட் விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்கும், அதற்கப்புறம் ஒன்றும் இருக்காது, காத்துக்கொண்டே இருப்பேன், ஒரு சின்ன 'ம்' வரும். குழந்தைக்கு மருந்து கொடுத்தால் வருமே, அந்த மாதிரி. தலை சுவரில் மோதினால் என் காதுக்கு நேரே இடிக்கும். டம்ளர் அதிரும். அப்போதும் 'ம்'தான். ஒரு நாள் அவள் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு இல்லை. மூச்சுப் போய்த் திரும்பி வருகிறபோது அப்படி ஒரு சத்தம். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள்? நான் அங்கேயே நின்று அதே மாதிரி செய்து பார்த்தேன். அவள் ஒன்று, நான் ஒன்று.

அப்புறம் அந்த வசனம். ஒரு நாள் அவன் ரொம்ப முரட்டுத்தனமாக இருந்தான். பாத்திரம் உருண்டது. நாற்காலி விழுந்தது. அவள் கெஞ்சுகிறாள், ரகசியம் சொல்கிற குரலில். "மெதுவாங்க. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேக்கும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. 'அடிக்காதீங்க' இல்லை. 'மெதுவாங்க'.

மறுநாளே டப்பிங் தியேட்டருக்குப் போனேன். விளக்கை அணைக்கச் சொன்னேன். திரையில் அண்ணன் அண்ணியின் முடியைப் பிடிக்கிறான். நான் கத்தவில்லை. முழுங்கினேன். அவள் முதுகு கேமராவுக்கு இருக்கிற இடத்தில், உதடு தெரியாத இடத்தில், தாளில் இல்லாத அந்த வார்த்தையைப் போட்டேன். "மெதுவாங்க. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேக்கும்." முடிந்தது.  இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். டைரக்டர் கண்ணாடிக் கதவைத் திறந்து வந்து என் காலைத் தொட்டான். "எங்கக்கா புடிச்சீங்க இத?" என்றான். "அனுபவம்தான் தம்பி" என்றேன். வேறு என்ன சொல்வது?

படம் ஓடியது உங்களுக்கே தெரியும். அந்த வசனத்தை மீம் போட்டார்கள், டீக்கடையில் பேசினார்கள், பெண்கள் தியேட்டரில் அழுதார்கள். டைட்டிலில் என் பெயர் தனியாக வந்தது. பெயர் வந்த நேரம் சின்னதுதான், கண் சிமிட்டினால் போய்விடும். நான் சிமிட்டவில்லை.

எனக்குக் கொடுத்த பாஸில் இரண்டை மேகலாவுக்கும் லோகநாதனுக்கும் கொடுத்தேன். எனக்கு முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காட்சி வந்தபோது மேகலா திரையைப் பார்க்கவில்லை. அப்படியே திரும்பி என்னைப் பார்த்தாள். இருட்டில் முகம் சரியாகத் தெரியவில்லை. பிடித்திருக்கிறது போல என்று நான் சிரித்தேன். அவள் திரும்பிக்கொண்டாள்.

அவன் வெளியே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். "பிரமாதம்க்கா. பின்னிட்டீங்க." அப்புறம் அவளைப் பார்த்து, "பாத்துக்கோ. அக்காகிட்ட கத்துக்கோ" என்றான். அவள் அதற்கப்புறம் கறிவேப்பிலைக்குக்கூட வரவில்லை. பொறாமை இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் இருக்கிறவளுக்குப் பெயர் வந்தால் யாருக்கும் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்.

அன்றைக்கு நடந்ததுக்கு வருகிறேன். இதைத்தான் எல்லாரும் திரித்துச் சொல்கிறார்கள், அதனால் கவனமாகக் கேளுங்கள்.

எனக்குத் தொண்டைக் கட்டு. பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கிற நேரம். ப்ராக்டிஸ் கிடையாது. லோகநாதனுக்கு அது தெரியாது, அன்று படியில் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் சத்தம் ஆரம்பித்தது. வழக்கமான சத்தம்தான், பாத்திரம், நாற்காலி. நான் டம்ளரைக்கூட எடுக்கவில்லை, எனக்கு அதில் கற்றுக்கொள்ள இனி ஒன்றும் இல்லை.

திடீரென்று அலறினாள்.

முழுசாக. தொண்டையைத் திறந்து, கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "அக்கா! அக்கா! அக்கா!" என்று.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உண்மையைச் சொல்கிறேன். 'இது நடிப்பு' என்று நினைத்தேன். உண்மையாக அடிபடுகிறவள் முழுங்குவாள், அதை நான் காதால் கேட்டுக் கற்றிருக்கிறேன், அதற்குத்தான் ஊரே என்னைப் பாராட்டியது. இது சீரியல் கத்தல். அதிலும் 'அக்கா'வாம். உயிர் போகிற நேரத்தில் பெண் 'அம்மா' என்றுதான் கத்துவாள், முப்பது வருஷத் தொழிலில் நான் 'அம்மா'வைத் தவிர வேறு போட்டதே இல்லை. 'அக்கா' என்றால் அது எழுதிக் கொடுத்த வசனம். படம் பார்த்துவிட்டு என்னைக் கேலி செய்கிறாள், இல்லை டிவியில் ஏதோ ஓடுகிறது. அப்படித்தான் பட்டது. தொழில் தெரிந்த யாருக்கும் அப்படித்தான் படும்.

கீழே அம்சவேணி டிவி சத்தத்தைக் கூட்டினாள், அது எனக்குக் கேட்டது. சபாபதி சார் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாராம், 'இன்னிக்கு அந்தம்மா ஜோரா பண்றாங்க' என்று நினைத்தாராம். வாட்ச்மேன் பீடி பற்றவைத்தான்.

சத்தம் பாதியில் நின்றது. வெட்டின மாதிரி. 'அக்' என்பது வந்தது, 'கா' வரவில்லை.

நான் கொப்பளித்ததைத் துப்பினேன்.

அப்போது என் வீட்டு மணி அடித்தது. கேஸ் சிலிண்டர். போடுகிற ஆள் புது ஆள், பெரியவர், சிலிண்டர் தோளில் இருக்கிறது. என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கதவைப் பார்த்தார்.

"ஏம்மா, உள்ள ஒரு பொம்பள கத்துச்சே?"

நான் தொண்டையைக் காட்டி, பேச முடியாது என்று சைகை செய்தேன்.

"கீழ வாட்ச்மேன்கிட்ட கேட்டேன், டப்பிங் அக்கா கத்துதுன்னான். அது நீங்களா?"

ஆமென்று தலையாட்டினேன்.

"நீங்க இங்க வாய மூடிட்டு நிக்கிறீங்க. அப்ப அங்க கத்துனது யாரு?"

"டிவியா இருக்கும்" என்றேன். குரல் கரகரவென்று வந்தது. இதைத்தான் கோர்ட்டில் அந்த ஆள் சொல்லிவிட்டார், 'இந்தம்மா டிவின்னாங்க' என்று. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அந்தப் பெரியவர் என்னோடு மேலே பேசவில்லை. கதவைத் தட்டினார். திறக்கவில்லை. சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கி, இரண்டு கையாலும் பிடித்து, பின்னால் போய் வந்து தாழ்ப்பாள் இருக்கிற இடத்தில் இடித்தார். நான், "ஐயா, கேஸு! வெடிச்சிடும்!" என்றேன். மறுபடி இடித்தார். கதவு பிளந்துகொண்டு போனது.

அடுக்களையில் லோகநாதன் அவள் மார்மேல் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு கட்டைவிரலும் கழுத்தில். அவள் முகம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. நாக்கு கடிபட்டு ரத்தம் காதுவரை வழிந்திருந்தது. கால் மட்டும் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் அவன் முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார், வரவில்லை. கீழே கிடந்த குக்கரை எடுத்து அவன் காதோடு சேர்த்து அடித்தார். அவன் 'ஹோ' என்றான். அது நல்ல சத்தம். சரிந்தான். மறுபடி எழுந்தான், மறுபடி அடித்தார். பல் ஒன்று என் கால்மாட்டில் வந்து விழுந்தது. அந்த மனுஷர் அழுதுகொண்டே அடித்தார், தம்பி. "என் பொண்ணு மாதிரி இருக்காளேடா" என்று அழுதுகொண்டே.

போலீஸ்காரர் வந்து கேட்டார். "இவ்வளவு வீடு இருக்கு, ஒருத்தருமாய்யா வரல?" அத்தனை பேரும் கையைத் தூக்கி என் கதவைக் காட்டினார்கள். அம்சவேணிதான் முதலில். தண்ணீர் வாளியோடு ஓடிவந்தாளே, அவள். நானா அடித்தேன்? நானா நெரித்தேன்? வர வேண்டாம் என்று சொன்னது என் வீட்டுச் சத்தத்துக்கு. பக்கத்து வீட்டுக்கும் சேர்த்தா சொன்னேன்? இவர்களுக்குக் காது இல்லையா, எது யார் சத்தம் என்று தெரிய வேண்டாமா?

மேகலாவுக்குத் தொண்டை எலும்பு நொறுங்கிவிட்டது. மூச்சு விடக் கழுத்தில், இங்கே ஓட்டை போட்டு ரொம்ப நாள் வைத்திருந்தார்கள். இப்போது ஓட்டை மூடிவிட்டது, ஆனால் பேச்சு இல்லை. காற்று மட்டும் வரும். அம்மாவைக் கூட்டிவைத்துக்கொண்டு அதே வீட்டில்தான் இருக்கிறாள். படியில் எதிரே வந்தால் நான் ஒதுங்கி நிற்பேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். கோபமா இல்லையா என்று ஒன்றும் தெரியாது. சங்கத்தில் தீர்மானம் போட்டு என்னை வீட்டில் கத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் இங்கே வாய் திறக்கவில்லை. ஒரு கலைஞனுக்கு இதைவிடத் தண்டனை உண்டா? சொல்லுங்கள்.

என்ன? செய்து காட்டவா? இப்போதா?

சங்கத்தில் சண்டைக்கு வருவார்கள், தம்பி. வரட்டும் என்கிறீர்களா? இல்லை, ஒன்று சொல்லட்டுமா, வர மாட்டார்கள். அதை நீங்களே பாருங்கள். இத்தனையும் நடந்த பிறகாவது திருந்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். கதவு ஒருக்களித்தே இருக்கட்டும். பெரிய சத்தமாகவே போடுகிறேன், கழுத்து நெரிபடுகிறது. நீங்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கையை இப்படி நீட்டுங்கள், எனக்கு உருவம் வேண்டும். தொட வேண்டாம். அப்படியே.

பார்த்தீர்களா? முகம் வெளுத்துப்போய்விட்டது உங்களுக்கு. இருங்கள், பேசாதீர்கள், கேளுங்கள். ஒரு கதவு திறக்கிறதா? அம்சவேணி டிவியைக்கூடக் குறைக்கவில்லை. இப்போது சொல்லுங்கள், நான் என்ன தப்புச் செய்தேன்? இவர்கள்தான்…

யாரு? யாரு ஓடியாறது… மேகலா! ஏய், வேணாம்! அவர் பேட்டி எடுக்க வந்தவரும்மா! அடிக்காதே! மேகலா! கையப் புடிங்க தம்பி, கட்டையப் புடிங்க! ஐயோ, தலையில… விடு! விடும்மா, நான் நல்லாத்தான் இருக்கேன், என்னப் பாரு, இங்க பாரு, என்னப் பாரு!

அசையாதீர்கள், தம்பி. துணியை நன்றாக அழுத்திப் பிடியுங்கள். பூரிக்கட்டைதான், நல்லவேளை. புருவத்துக்கு மேல் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, தையல் போட வேண்டியிருக்கும். காது கேட்கிறதா? என் விரல் எத்தனை? சரி. ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன், வந்துவிடும். கம்ப்ளெயின்ட் எல்லாம் கொடுக்காதீர்கள், பாவம், அவள் அம்மா கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எப்படி நடுங்கினாள் பார்த்தீர்களா? மாவுக்கையோடு ஓடிவந்திருக்கிறாள். என் ஜாக்கெட்டெல்லாம் மாவு. என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றாள். என் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

ப்ராக்டிஸ் என்று அவளுக்கும் தெரியும்தானே? எல்லாரையும்விட அவளுக்குத்தானே நன்றாகத் தெரியும்? பின் ஏன் வந்தாள்?

போன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறதா? அணைந்துவிடவில்லையே? ஆட்டோ வருகிறவரை அதை ஒரு தடவை போடுங்கள். நீங்கள் கத்தின இடம் வேண்டாம், தள்ளுங்கள். அதற்கு முன்னால். கதவுகிட்ட. அதோ, அங்கே நிறுத்துங்கள். அவள் வாய் அசைகிறது பாருங்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது, எனக்குத் தெரியும். சத்தமில்லாத உதட்டைப் பார்த்துக் குரல் பொருத்துவதுதானே என் பிழைப்பு. 'அக்காவ விடுடா.' அதுதான் சொல்கிறாள். உங்களைப் பார்த்து. கட்டையை ஓங்கிக்கொண்டு. 'அக்காவ விடுடா.'

கொஞ்சம் பின்னால் எடுங்கள். நான் குரல் கொடுத்துப் பார்க்கிறேன். வாய் திறக்கும்போது சரியாகப் பிடிக்க வேண்டும்.

அக்காவ விடுடா.

இல்லை. பொய்யாக இருக்கிறது. மறுபடி போடுங்கள்.

அக்காவ…

ஆட்டோக்காரனைக் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள், தம்பி. எனக்கு இன்னும் வரவில்லை. இன்னொரு தடவை போடுங்கள்.